கை வழுக்கவில்லை

மூட்டைப்பூச்சியை நான் கொண்டுவரவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மன்றத்துப் பெஞ்சில் பூச்சி ஏறியது என் துண்டிலிருந்துதான் என்று ஜோசப் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவன் வீட்டுக் கட்டிலை ஒரு தடவை வெயிலில் போட்டுத் தட்டிப் பார்த்தால் யார் கொண்டுவந்தது என்று தெரியும். செய்யாததற்குப் பழி ஏற்கிற ஆள் நான் இல்லை. செய்ததை இல்லை என்கிற ஆளும் இல்லை.

பாக்கியநாதா, மன்றத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு நீ எழுதியதை நேற்று எனக்குப் படித்துக் காட்டினாய். நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு எழுத்துக் கூட்டிப் பஸ் போர்டு படிக்க வரும், அதற்கு மேல் வராது. நீ படித்ததுதான் தாளில் இருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? அதனால் அந்தத் தாளை டீக்கடைக்காரனிடம் கொடுத்து இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் படித்தீர்கள். அதில் ஒரு வரி வருகிறது. மன்றத்தை உண்டாக்கிய ராஜவேலு இரணியன் வேடத்தில் இருந்தபோது, வடம் பிடித்த தணிகாசலத்தின் கை வழுக்கியதால் உயிர் நீத்தார் என்று. அது தப்பு. என் கை வழுக்கவில்லை. அச்சுக்குப் போவதற்கு முன்னால் அதைத் திருத்த வேண்டும். அதற்குத்தான் வரச் சொன்னேன். உட்கார். டீயைக் குடி, ஆறுகிறது.

என் தொழில் உனக்குத் தெரியும். கிணறு தூர் வாருகிற கூட்டத்தில் கயிறு பிடிக்கிறவன். உள்ளே இறங்கிச் சேறு அள்ளுகிறவனுக்குக் கூலி அதிகம், பேரும் அதிகம். மேலே நிற்கிறவனை எவனும் பார்க்கமாட்டான். ஆனால் உள்ளே இறங்கினவன் திரும்ப வருவதும் வராததும் மேலே நிற்கிறவன் கையில் இருக்கிறது. புதுவாயலிலிருந்து ஊத்துக்கோட்டை வரைக்கும் நான் கயிறு பிடிக்காத கிணறு கொஞ்சம். ஒருவனையும் நான் உள்ளே விட்டதில்லை. கயிறு பிடிக்கிறவன் யாரையும் நம்பக்கூடாது. கட்டை உருளையை நம்பக்கூடாது, கிணற்றுச் சுவரை நம்பக்கூடாது, 'இழு' என்று கீழேயிருந்து வருகிற குரலைக்கூட நம்பக்கூடாது. கையை மட்டும் நம்ப வேண்டும். கயிற்றில் பாரம் ஏறுவதும் இறங்குவதும் கைக்குத் தெரியும். அப்படிப்பட்ட கையைப் பார்த்து வழுக்கியது என்று எழுதுகிறாய்.

ராஜவேலுவைப் பற்றி நீ எழுதியதெல்லாம் சரி. நல்லவன். கல்கத்தா ரோட்டில் தகர டப்பா கம்பெனி வந்தபோது அதில் டைம் கீப்பராக வந்தவன். அதற்கு முன்னால் இங்கே கூத்து என்றால் கோயில் எதிரே திடலில் நடக்கும். இன்னார் முன்னால் உட்காரலாம், இன்னார் மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கலாம் என்று கணக்கு இருக்கும். உன் அப்பன் ஆசீர்வாதம் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தவன்தான். கேட்டுப் பார். ராஜவேலுவுக்கு அது பிடிக்கவில்லை. எல்லாரும் ஒரே கூரைக்கடியில் உட்கார்ந்து பார்க்க ஒரு இடம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கம்பெனியில் கழித்துப்போட்ட தகரத்தைக் கேட்டு வாங்கிக் கூரை போட்டான். மழை பெய்தால் உள்ளே ஒரு வசனமும் காதில் விழாது. வெயில் அடித்தால் ஜனங்கள் அப்பளம் மாதிரி பொரிவார்கள். அதற்குப் பெயர் பொதுஜன கலை மன்றம். வாசலில் பெரிய எழுத்தில் 'எல்லாரும் வாங்க' என்று போர்டு வைத்தான்.

எல்லாரையும் வாங்க என்றால் எவன் வருவான் என்று நான் நினைத்தேன். வந்தார்கள். டப்பா கம்பெனி ஷிப்டு முடிந்து கையில் எண்ணெய்க் கறையோடு வந்தார்கள். பழவேற்காட்டிலிருந்து மீன்காரிகள் காலிக் கூடையோடு வந்து, கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்கள். முதல் நாள் ஒருத்தி ஆட்டுக்குட்டியோடு வந்தாள். ராஜவேலு அதையும் வாங்க என்றான். ஆர்மோனியக்காரன் சுருதி கூட்டும்போதெல்லாம் அந்தக் குட்டி பதில் சொன்னது. நாடகத்தைவிட அதற்குத்தான் கைதட்டல்.

அங்கே வருஷத்துக்கு ஒரு தடவை இரணியன் நாடகம். நரசிம்மம் முகமூடி போடுகிறவனுக்கு உண்மையிலேயே சாமி வந்துவிடும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. வந்துவிட்டால் இது நாடகம் என்று அதற்குத் தெரியாதாம். எதிரே நிற்கிற இரணியன் டைம் கீப்பர், வீட்டில் பெண்டாட்டி இருக்கிறாள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாதாம். கிழித்துவிடுமாம். சாமி இவ்வளவு விவரம் கெட்டதா என்று நான் கேட்டதில்லை, எனக்கு அதில் வேலை இருந்தது. முகமூடிக்காரன் இடுப்பில் வடம் கட்டிப் பின்னாலிருந்து பிடிக்க வேண்டும். திடலில் ஆடினபோது நாலு பேர் பிடித்தோம். மன்றத்து மேடையில் நாலு பேர் நிற்க இடமில்லை. தணிகாசலம் ஒருத்தர் போதும், அவர் கை கிணத்துக் கை என்று எல்லாருமாகச் சொன்னார்கள். அதிலிருந்து நான் ஒருவன்தான்.

முகமூடி போட்டவன் தேசப்பன். பஸ் ஸ்டாப்பில் நாஷ்டா கடையில் இட்லி ஊற்றுகிறவன். ஈயை ஓட்டினால்கூட மெதுவாக ஓட்டுவான், அதற்கு வலிக்கும் என்பது போல. முகமூடி போடுகிற நாளில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். பொழுது சாய்கிற நேரம் பார்த்துக் காகிதத் தூணைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவான். உடம்பு உதறும். முன்னால் சாய்வான். வடம் விண்ணென்று நிற்கும். தூண் மேடையின் முன் ஓரத்தில், இரணியன் உள்பக்கம், அதனால் நான் பின்னால் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக் காலை ஊன்றி நிற்பேன். ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டு 'கோவிந்தா' என்பார்கள். தேசப்பனைப் பார்த்துத்தான் கும்பிட்டார்கள். ஆனால் பாரம் என் கையில் இருந்தது. கிணற்று மேட்டில் நிற்கிறவனை ஒருவனும் பார்த்ததில்லை. அந்த ஒரு நாள் மட்டும் எல்லாரும் பார்த்தார்கள். அவ்வளவுதான். வேறு ஒன்றும் நான் கேட்டதில்லை.

ராஜவேலுவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. நாடகம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, வந்தவர்கள் குறை நிறை சொல்லலாம் என்பான். நல்ல யோசனை என்று நீ எழுதியிருக்கிறாய். ஜனங்களைப் பேசச் சொன்னால் பேசுவார்கள். ஒரு வருஷம் இரணியன் முடிந்து இப்படித்தான் கேட்டான். பழவேற்காட்டு மீன்காரி கன்னியம்மா எழுந்து நின்றாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"நைனா, நானும் மூணு வருசமா வந்துகினு கீறேன். சிங்கம் வருது சிங்கம் வருதுன்றீங்க. எனுக்கு இவரு முதுகுதான் தெர்து. வர்சம் தவறாம இந்த முதுகப் பாத்து கும்பிட்டுகினு போறேன். சாமி எங்க கீது?"

மன்றம் முழுக்கச் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன், "முதுகுல ஒரு மச்சம் கீது பாரு, அதான் சாமி" என்றான். இன்னும் சிரித்தார்கள். ராஜவேலுவும் சிரித்தான். அவன் பல் நன்றாக இருக்கும், சிரித்தால் பார்க்க லட்சணமாக இருப்பான். நானும் சிரித்தேன். நான் கோபக்காரன் இல்லை.

ஆனால் ராஜவேலு அதை மனதில் வைத்துக்கொண்டான். அடுத்த நாடகத்துக்கு முன்னால் கமிட்டியில் பேசினார்களாம். வடம் பிடிக்கிற ஆள் மறைக்கிறார், பார்க்க வருகிறவர்கள்தான் நமக்கு முக்கியம், இந்த ஒரு தடவை பழக்கத்துக்காக இருக்கட்டும், அடுத்த வருஷத்திலிருந்து வடம் வேண்டாம் என்று முடிவு. எனக்கு யாரும் சொல்லவில்லை. டீக்கடையில் கேள்விப்பட்டேன்.

நான் அவன் வீட்டுக்குப் போனேன். சண்டைக்குப் போகவில்லை. அவன் பெண்டாட்டி செண்பகம் மோர் கொடுத்தாள், உப்பு சரியாக இருந்தது. ராஜவேலு என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவன் நின்றுகொண்டு பேசினான்.

"பெரியவரே, தப்பா நென்ச்சிக்காதீங்க. சாமியாவது வரதாவது. தேசப்பன் பாவம், பட்டினி கெடக்கறான், ஒடம்பு ஒதறுது. எனக்கு ஒண்ணும் ஆவாது."

"ஆச்சின்னா?"

"ஆவாது. நான் கேரண்டி."

"கேரண்டி நீ குடுப்பே. சாமி குடுக்குமா?"

அதற்கும் சிரித்தான். பிறகு என்னைச் சமாதானப்படுத்த ஒரு வேலை சொன்னான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். வாசலில் பன்னீர்ச் சொம்போடு நான் நிற்க வேண்டுமாம். வருகிறவர்கள்மேல் தெளித்து 'வாங்க, வாங்க' என்று சொல்ல வேண்டுமாம். "மன்றத்துக்கு மொத மொகமே நீங்கதான் பெரியவரே" என்றான்.

என் மூஞ்சியைப் பார். இதை வைத்துக்கொண்டு பன்னீர் தெளித்தால் வருகிறவன் ஏதோ சாவு வீடு என்று திரும்பிப் போய்விடுவான். செண்பகம் உள்ளேயிருந்து அதைத்தான் நினைத்திருப்பாள், ஏனென்றால் இருமினாள். சரி என்று சொல்லிவிட்டு மோரைக் குடித்து முடித்து எழுந்து வந்தேன்.

வரும்போது மன்றத்தில் நுழைந்து நரசிம்மத்தின் கையுறையை எடுத்துப் பார்த்தேன். உன் அப்பன் செய்தது அது. டப்பா கம்பெனியில் துண்டுத் தகரத்தை வளைத்து, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு நகம் வைத்து, ஓரம் யார்மேலும் படக்கூடாது என்று மடித்துவிட்டிருந்தான். நல்ல வேலைக்காரன். ஆனால் துரு ஏறியிருந்தது. பார்க்க அசிங்கமாக இருந்தது. நாடகத்துக்கு நல்லபடியாக இருக்கட்டும் என்று வீட்டுக்கு எடுத்துப்போய்த் தேய்த்தேன். சேற்று மண்வெட்டிக்குப் போடுகிற அரம் என்னிடம் இருந்தது. மடிப்பெல்லாம் போய்விட்டது. துரு போக வேண்டுமென்றால் மடிப்பும் போகத்தான் செய்யும். அதை அப்போதே நான் உன் அப்பனிடம் சொல்லியிருக்கலாம். கேட்கவில்லை, சொல்லவில்லை.

நாடக நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானமே ஆரம்பித்தார்கள். கடைசி பஸ்ஸை விட்டுவிடக் கூடாது என்று எப்போதும் அப்படித்தான், அதோடு இரணியன் சாகிற கட்டம் சரியாகப் பொழுது சாய்கிற நேரத்தில் வந்து நிற்கும். இடமில்லாமல் ஜனம். கன்னியம்மா அவள் ஊர்ப் பொம்பிளைகள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். முன் வரிசையில் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, "முதுகு, இந்தத் தபா கொஞ்சம் ஓரமா நில்லு" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ராஜவேலு இரணியனாக அட்டைக் கிரீடத்தோடு வந்தான். வயிற்றில் துணிக்கு உள்ளே சாயப்பை கட்டியிருந்தான். பையைக் கிழித்தால் சிவப்புச் சாயம் கொட்டும், சாயம் தோய்த்த நாடாவைக் குடல் என்று உருவிக் காட்ட வேண்டும். அந்த நாடா செண்பகத்தின் பாவாடை நாடா. இதெல்லாம் உங்கள் மலரில் வராது. எங்கே உன் கடவுள் என்று அவன் தூணை உதைத்தான். திருப்பாச்சூர்க்காரர் மத்தளத்தில் இடி இடித்தார். சாம்பிராணிப் புகையில் காகிதம் கிழிந்தது. தேசப்பன் வந்தான். உதறினான். முன்னால் சாய்ந்தான். வடம் விண்ணென்று நின்றது.

நான் கையைத் திறந்தேன்.

இதைத்தான் உன்னிடம் சொல்ல வந்தது. வேர்வை இல்லை, வழுக்கல் இல்லை. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டுதான் அன்றைக்குப் பிடித்தேன். விரலை ஒவ்வொன்றாகத் திறந்தேன். வடம் மேடையில் விழுந்தது. ஜனங்கள் 'ஐயோ' என்றார்கள். வடம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எல்லாரும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான். வேண்டாம் என்று அவர்கள்தானே சொன்னார்கள். சொன்னதைச் செய்தேன்.

ஒன்றும் ஆகவில்லை.

தேசப்பன் நாலு எட்டு தள்ளாடினான். விழப் போனான். வாசற்படி என்று வைத்திருந்த பலகையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தான். முகமூடிக்குள்ளிருந்து முனகினான்.

"இன்னா மாமா, உட்டுட்டே. உழுந்திருப்பேனே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை வருஷமாக அவன் வடத்தை இழுக்கவே இல்லை. பட்டினி கிடந்த மயக்கத்தில் அதன்மேல் சாய்ந்துகொண்டிருந்தான். சாமியை நான் பிடித்து நிறுத்தவில்லை. இட்லிக்கடைக்காரனைத் தாங்கிக்கொண்டிருந்தேன். கிணற்றுக் கை என்றார்களே, அந்தக் கைக்கு இழுக்கிற பாரத்துக்கும் சாய்கிற பாரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஆட்டம் நிற்கக் கூடாதே, ராஜவேலு தானே போய் அவன் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டான். கிரீடம் நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டான். உன் அப்பனும் இன்னொருவரும் முன்னால் திரையைத் தூக்கிப் பிடித்தார்கள். சாமி கிழிக்கிறதைக் கண்ணால் பார்த்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பது வழக்கம், அதனால் திரை பிடிக்கிறவர்களும் ஜனங்கள் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொள்வார்கள். திரைக்கு உள்ளே மூன்று பேர். தேசப்பனுக்கு அதற்குள் தலை தொங்கிவிட்டது, வருஷா வருஷம் பையைக் கிழித்த கையோடு தொங்கும், அன்றைக்குக் கொஞ்சம் முன்னாலேயே. ராஜவேலு படுத்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"பாத்தீங்களா பெரியவரே, ஒண்ணும் ஆவல" என்றான் மெதுவாக. கேலி இல்லை. அப்புறம், "பரவால்ல உடுங்க. இத்தினி நாளா அவனத் தாங்கினுதான் இருந்தீங்கன்னு நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றான்.

அவன் சொல்லியிருக்கமாட்டான். உண்மையிலேயே நல்லவன். ஆனால் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த வருஷம் நான் வாசலில் பன்னீரோடு நிற்பேன். அவன் என்னைக் கடந்து போகும்போதெல்லாம் பாவம் என்று பார்ப்பான். நீயே சொல், ஒரு ஆள் எத்தனை வருஷம் அப்படி நிற்க முடியும்?

நான் குனிந்து தேசப்பனின் வலது கையிலிருந்து உறையைக் கழற்றி மாட்டிக்கொண்டேன். எனக்கு விரல் தடிப்பு. சுண்டுவிரல் உள்ளே போகவில்லை. ராஜவேலு நான் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். தேசப்பனுக்கு மயக்கம், சாயப்பையைக் கிழிக்க ஆளில்லை, பெரியவர் உதவுகிறார் என்று நினைத்திருப்பான். வயிற்றிலிருந்த துணியை எனக்கு வசதியாக விலக்கிக்கூடக் கொடுத்தான். எனக்கு வயிற்றில் வேலை இல்லை. இடது கையால் அவன் வாயைப் பொத்தினேன். கழுத்தில் வைத்து இழுத்தேன். கிணற்றுக் கயிறு இழுக்கிற மாதிரி, அவசரமில்லாமல், ஒரே சீராக. துரு எடுத்தது நல்லதாகப் போயிற்று. மத்தளக்காரர் முத்தாய்ப்பு வைப்பதற்குள் முடிந்துவிட்டது. பிறகு சாயப்பையையும் கிழித்துவிட்டேன். ஒரு வேலையை அரைகுறையாக விட்டு எனக்குப் பழக்கமில்லை. உறையைத் தேசப்பன் கையில் திரும்ப மாட்டினேன். வலது உறையை வலது கையில்தான் மாட்டினேன்.

திரை இறங்கியது. ஜனங்கள் எழுந்து நின்று கோவிந்தா போட்டார்கள். முன்னால் இருந்து கன்னியம்மா பக்கத்திலிருந்தவளிடம், "இந்தத் தபாதான் சாயம் நல்லா கீது" என்றது என் காதில் விழுந்தது. அன்றைக்கு எனக்கு ஓரமாக நிற்கத் தோன்றியிருந்தது. அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

குறை நிறை சொல்ல அன்றைக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. கேட்பதற்கு ஆள் எழுந்தால்தானே.

அதற்கப்புறம் நடந்ததை நீ ஓரளவு சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். போலீஸ் வந்தது. வந்த அதிகாரி மேடைக்கு ஏறுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றினார். அதைப் பார்த்தபோதே இது எப்படி முடியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தேசப்பனைக் கேட்டார்கள். "எனக்கு நெனவே இல்ல சார். ஆனா கை என்னுதுதான்" என்று அவனே சொன்னான். என்னைக் கேட்டார்கள். என் கையைப் புரட்டிப் பார்த்தார்கள். எண்ணெய் வேர்வைக் கை, வழுக்கியிருக்கும் என்று அவர்களே சொல்லி அவர்களே எழுதிக்கொண்டார்கள். என்மேல் இருந்த சிவப்பைப் பற்றிக் கேட்கவில்லை. அங்கே எல்லார்மேலும் சாயம் இருந்தது. நான் எதையும் மறைக்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஊர் வந்து எனக்கு ஆறுதல் சொன்னது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "இன்னா பண்ணுவீங்க, வயசாயிடுச்சி, கை வழுக்கிடுச்சி" என்று ஒவ்வொருவனும் வந்து சொன்னான். உன் அப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நகத்தின் மடிப்பைச் சரியாகப் போடாமல் விட்டுவிட்டேனோ என்று அவனுக்குச் சந்தேகம். இன்றைக்கு வரைக்கும் அவன் தகரம் தொடுவதில்லை, கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிற வேலைக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டான் இல்லையா? அதற்குக் காரணம் முட்டிவலி என்று உன்னிடம் சொல்லியிருப்பான்.

தேசப்பன் கொஞ்ச காலம் உள்ளே இருந்துவிட்டு வந்தான். வந்ததும் ஜனங்கள் அவன் காலில் விழ ஆரம்பித்தார்கள். நெற்றியில் விபூதி வைத்துவிடச் சொல்லிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவன் அழுதுகொண்டே வைத்துவிட்டான். இட்லி ஊற்றுகிற வேலையை விட்டுவிட்டான். சாப்பிடுவதுகூட இடது கையால்தான். வலது கையை மடியில் துணி போட்டு மூடி வைத்துக்கொள்கிறான். அவன் பெண்டாட்டி கங்கம்மா என்னிடம் வந்து, மாமா நீங்களாவது புத்தி சொல்லுங்கள் என்றாள். போய்ச் சொன்னேன். சாமி செய்ததற்கு நீ என்னடா செய்வாய் என்றேன். என் தோளில் சாய்ந்து அழுதான். பாரம் கொஞ்சம்தான். இளைத்துவிட்டான்.

செண்பகம் பிறந்த ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனாள். மரியாதை தெரிந்த பெண்.

மன்றத்தைக் கொஞ்ச நாள் பூட்டிவைத்தார்கள். ஜனங்கள் விடவில்லை. திறக்கச் சொல்லி டப்பா கம்பெனிக்காரர்களும் மீன்காரிகளும் வந்து நின்றார்கள். முன்னைவிடக் கூட்டம் அதிகம். திருவள்ளூரிலிருந்துகூட வந்தார்கள், சாமி நேராக வந்த இடமாயிற்றே. இரணியன் நாடகம் திரும்பப் போட்டபோது வடத்தைத் தொட எவனுக்கும் தைரியமில்லை. என்னிடம்தான் வந்தார்கள். புது ஆள் முகமூடி போட்டான், நான் பிடித்தேன். கன்னியம்மா முன் வரிசையில் இருந்தாள். நான் பழையபடி ஓரமாகப் போய் நின்றேன்.

"நடுவுல நில்லுங்க பெரியவரே. கெட்டியா புட்ச்சிக்கினு நில்லுங்க" என்றாள். என் முதுகைப் பார்த்துக் கும்பிட்டாள். அன்றைக்கு ஒருவனும் சிரிக்கவில்லை.

அதனால் அந்த வரியை இப்படி எழுது. தணிகாசலம் வடத்தை விட்டார், வழுக்கவில்லை, வேண்டுமென்றே விட்டார், அதற்கப்புறம் உள்ளதையும் அவரே செய்தார். இவ்வளவு போதும். கழுத்து, நகம் எல்லாம் வேண்டாம், மலரைப் பெண்பிள்ளைகளும் படிப்பார்கள். ஏன் முகம் இப்படி வெளுக்கிறது உனக்கு? டீயை நீ குடிக்கவே இல்லை.

இன்னொன்று. நீ படித்ததில் கடைசியில் ஒரு விஷயம் இருந்தது. கட்டுகிற புதுக் கட்டடத்தில் மேடை பெரிது, இனிமேல் வடம் தேவையில்லை, மூத்தவர் தணிகாசலத்துக்குத் துண்டு போர்த்தி முன் வரிசையில் நாற்காலி கொடுப்போம் என்று. யோசித்துச் செய். இந்த வருஷம் இரணியன் வேஷம் நீதான் கட்டுகிறாய் என்று உன் அப்பன் பெருமையாகச் சொன்னான். கட்டு. மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றவன் பிள்ளை கிரீடம் வைத்துக்கொள்வது நல்லதுதான், ராஜவேலு இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். அந்தப் பழைய கையுறையைப் பெட்டியில் பார்த்தேன், மறுபடி துரு ஏறிக் கிடக்கிறது. கொடுத்தனுப்பு, தேய்த்துத் தருகிறேன்.

எனக்கு யார்மேலும் கோபம் கிடையாது, ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள். வடம் இருக்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான். அது என் கையில் இருந்த வரைக்கும் இந்த மன்றத்தில் ஒருவன்மேலும் ஒரு கீறல் விழுந்ததில்லை.